மெட்ரோபோலிஸ் (1927 திரைப்படம்)

மெட்ரோபோலிஸ் 1927 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் பெர்லின் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ஜெர்மானிய அறிபுனைத் திரைப்படமாகும். பேசாப்படக் காலத்தைச் சேர்ந்த இப்படத்தை பிரிட்ஸ் லாங் இயக்கினார். கதையையும் திரைக்கதையையும் அவருடைய மனைவியான எழுத்தாளர் தியா ஃபொன் ஹார்பூ எழுதினார். உஃபா என்னும் ஜெர்மானிய நிறுவனம் தயாரித்தது. அதுவரை ஜெர்மனியில் எடுக்கப்பட்ட படங்களுள் மிகுதியான பொருட்செலவில் உருவானது இதுவே. வருங்கால நகரம், மனித உருவில் இயந்திரம், பித்துப்பிடித்த அறிவியலாளர் எனப் பிற்கால அறிபுனைப் படங்கள் திரும்பத் திரும்பக் கையாண்ட பல கூறுகளுக்கு இப்படம் முன்மாதிரியாக அமைந்தது.

இப்படத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. வெளியான சில மாதங்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெட்டி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பகுதிகள் பேணப்படவில்லை. ஆகவே அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பகுதி புகழ்ந்ததும் பழித்ததும் வெட்டுண்ட ஒரு படத்தையே. "காட்சிகள் அற்புதம், கதை அபத்தம்" என்று நிலைபெற்றுவிட்ட தீர்ப்பில் எவ்வளவு பங்கு எழுதியவர்களைச் சாரும், எவ்வளவு பங்கு வெட்டியவர்களைச் சாரும் என்பது 2008 இல் அர்ஜென்டினாவில் ஒரு பழைய படி கிடைத்த பின்னரே ஓரளவு தெளிவாயிற்று.

கதை

வருங்காலத்தில் ஒரு மாநகரம். மேலே வானளாவிய கட்டிடங்களில் செல்வர்கள் வாழ்கின்றனர். நிலத்துக்கு அடியில் தொழிலாளர்கள் இயந்திரங்களை இயக்கி நகரத்தைத் தாங்குகின்றனர். நகரத்தின் தலைவர் யோ பிரெடர்சனின் மகன் பிரெடர், தொழிலாளர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மேலே வந்த மரியா என்னும் பெண்ணைக் கண்டு, அவளைத் தேடிக் கீழே இறங்குகிறான். அங்கு ஒரு பெரும் இயந்திரம் வெடித்துத் தொழிலாளர்கள் மடிவதைக் காண்கிறான். ஜார்ஜி என்ற தொழிலாளியுடன் உடை மாற்றிக்கொண்டு அவனது வேலையைத் தானே செய்து பார்க்கிறான்.

மரியா நிலவறைகளில் தொழிலாளர்களைக் கூட்டி, பொறுமையாக இருக்கும்படியும் தலைக்கும் கைகளுக்கும் இடையே நடுவராக ஒருவர் வருவார் என்றும் கூறி வருகிறாள். இதனை மறைந்திருந்து பார்க்கும் பிரெடர்சன், ரோட்வாங் என்னும் கண்டுபிடிப்பாளர் உருவாக்கியுள்ள இயந்திரப் பெண்ணுக்கு மரியாவின் முகத்தைக் கொடுத்துத் தொழிலாளர்களிடையே குழப்பம் விளைவிக்கப் பணிக்கிறார். போலி மரியா அவர்களைக் கலகத்துக்குத் தூண்டுகிறாள். அவர்கள் நகரத்தின் மைய இயந்திரத்தை உடைக்க, அவர்களுடைய குடியிருப்பே வெள்ளத்தில் மூழ்குகிறது. உண்மையான மரியாவும் பிரெடரும் அவனது நண்பன் யோசபாத்தும் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றனர். போலி மரியா எரிக்கப்படுகிறாள். இறுதியில் பேராலயத்தின் வாயிலில் பிரெடர் தன் தந்தையின் கையையும் தொழிலாளர் மேற்பார்வையாளரின் கையையும் இணைத்து வைக்கிறான்.

இக்கதைக்கு அடியில் ஹெல் என்னும் இன்னொரு பெண்ணின் கதை உள்ளது. ரோட்வாங் காதலித்த ஹெல், பிரெடர்சனை மணந்து, பிரெடரைப் பெற்றெடுத்தபோது இறந்துவிட்டாள். ரோட்வாங் தன் வீட்டில் அவளுக்குப் பெரியதொரு நினைவுச்சிலை வைத்திருக்கிறார். இயந்திரப் பெண்ணை அவர் உருவாக்கியதே இறந்த ஹெல்லை மீண்டும் அடைவதற்காகத்தான். படம் வெட்டப்பட்டபோது முதலில் பலியானது இக்கிளைக்கதையே.

உருவாக்கம்

உஃபா 1917 இல் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவின் மிகப்பெரிய திரைப்பட நிறுவனமாக வளர்ந்தது. பெர்லினை அடுத்த பாபல்ஸ்பெர்க் படப்பிடிப்பு வளாகம் அதனுடையது. 1924 இல் வெளிவந்த நிபெலுங்கன் என்ற இருபாகப் படத்தின் வெற்றியால் லாங்குக்கும் ஹார்பூவுக்கும் நிறுவனத்தில் பெரும் செல்வாக்கு இருந்தது. அமெரிக்கச் சந்தையில் ஹாலிவுட்டோடு போட்டியிட வேண்டுமானால் ஹாலிவுட்டால் எடுக்க முடியாத படங்களை எடுக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் எரிக் பொம்மரின் கொள்கை.

1924 அக்டோபரில் லாங்கும் பொம்மரும் அமெரிக்கா சென்றனர். நியூயார்க் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரவில் ஒளிவீசும் கட்டிடங்களைக் கண்டபோதுதான் மெட்ரோபோலிஸ் பிறந்தது என்று லாங் பிற்காலத்தில் பலமுறை கூறினார். இது அழகான செய்தியாயினும் முழுவதும் ஏற்கத்தக்கதன்று. அப்பயணத்துக்கு முன்பே ஹார்பூ திரைக்கதைப் பணியில் ஈடுபட்டிருந்தார். நகரத்தின் தோற்றத்தை நியூயார்க் மாற்றியிருக்கலாம். கதை அதற்கு முந்தியது. ஹார்பூ இதே கதையை நாவலாகவும் எழுதினார். அது 1926 இல் இதழொன்றில் தொடராக வந்தது. (இந்தியாவைப் பின்னணியாகக் கொண்ட "இந்தியக் கல்லறை" என்னும் நாவலை எழுதியவரும் இவரே. அதனை 1959 இல் லாங் இரண்டு பாகங்களாகப் படமாக்கியபோது சில காட்சிகள் உதயப்பூரில் எடுக்கப்பட்டன.)

படப்பிடிப்பு 1925 மே 22 இல் தொடங்கி 1926 அக்டோபர் 30 வரை, ஏறத்தாழ பதினேழு மாதங்கள் நீடித்தது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட தொகை 15 இலட்சம் ரைக்ஸ்மார்க். முடிவில் ஆன செலவு சுமார் 53 இலட்சம். உஃபாவின் விளம்பரங்கள் 36,000 துணை நடிகர்கள் பங்கேற்றதாகக் கூறின. இவ்வகை எண்கள் பார்வையாளரை வியக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மரியாவாகவும் போலி மரியாவாகவும் இயந்திரப் பெண்ணாகவும் நடித்தவர் பிரிகிட்டே ஹெல்ம். இது அவருக்கு முதல் படம். அப்போது இருபது வயது நிரம்பவில்லை. பிரெடர்சனாக ஆல்பிரட் ஆபெலும், பிரெடராக குஸ்டாவ் ஃபுரோலிக்கும், ரோட்வாங்காக ருடால்ஃப் கிளைன்-ரோகேயும் நடித்தனர். ரோகே ஹார்பூவின் முன்னாள் கணவர் என்பது ஒரு துணைச்செய்தி.

இயந்திரப் பெண்ணின் உடையை வடிவமைத்தவர் சிற்பி வால்டர் ஷுல்ட்சே-மிட்டன்டார்ஃப். உலோகத்தகட்டில் செய்தால் நடிகையால் தாங்க முடியாது என்பதால், ஹெல்மின் உடலை வார்ப்பெடுத்து, அதன்மீது காற்றுப்பட்டால் இறுகும் மரப்பிசின் கலவை ஒன்றைத் தகடுகளாகப் படியவைத்து, வெள்ளி நிற மெருகு பூசினார். திரையில் அது உலோகமாகவே தெரிகிறது. அணிந்தவருக்கு அது பெரும் துன்பமாக இருந்தது. முகம் தெரியாத காட்சிகளில் வேறொருவரை அணியச் செய்யலாமே என்ற கேள்விக்கு லாங் இணங்கவில்லை.

லாங்கின் கண்டிப்பு இதோடு நிற்கவில்லை. வெள்ளக் காட்சிக்காக பெர்லினின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர் சிறுமியர் பல நாட்கள் குளிர்ந்த நீரில் நிற்க நேர்ந்தது. போலி மரியாவை எரிக்கும் காட்சியில் உண்மையான தீ பயன்படுத்தப்பட்டு ஹெல்மின் உடையில் தீப்பற்றியது. தொழிலாளர்கள் இயந்திரங்களுக்கு இரையாவதைக் கண்டிக்கும் படம், தன் தொழிலாளர்களை நடத்திய விதம் இவ்வாறு இருந்தது என்பதைப் படத்தைப் பற்றி எழுதிய பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

தந்திரக் காட்சிகள்

கணினி வரைகலை இல்லாத காலத்தில் இந்நகரம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பது இன்றும் கற்கத்தக்கது. கலை இயக்குனர்கள் ஓட்டோ ஹுன்டே, எரிக் கெட்டல்ஹுட், கார்ல் ஃபொல்பிரெக்ட் ஆகியோர். ஒளிப்பதிவாளர்கள் கார்ல் பிராய்ண்ட், குன்தர் ரிட்டாவ் ஆகியோர்.

இப்படத்தில் பெரிய அளவில் கையாளப்பட்ட உத்தி ஷுஃப்டான் முறை எனப்படுகிறது. இதனை உருவாக்கியவர் அய்கன் ஷுஃப்டான். ஒரு பிரமாண்டமான விளையாட்டரங்கில் இளைஞர்கள் ஓடுவதாகக் காட்ட வேண்டும் எனக் கொள்வோம். அரங்கு முழுவதையும் கட்டுவது இயலாது. எனவே ஒரு சிறிய மாதிரி செய்யப்படுகிறது. நிழற்படக் கருவிக்கும் மாதிரிக்கும் இடையே 45 பாகைச் சாய்வில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வைக்கப்படுகிறது. கண்ணாடியின் பின்புறத்திலுள்ள வெள்ளிப் பூச்சு, நடிகர்கள் தோன்றவேண்டிய பகுதியில் மட்டும் விடப்பட்டு, மற்ற இடங்களில் சுரண்டி எடுக்கப்படுகிறது. சுரண்டிய இடத்தின் வழியாகக் கருவிக்கு மாதிரி தெரிகிறது. பூச்சு எஞ்சியுள்ள இடத்தில் பக்கவாட்டில் பல மீட்டர் தொலைவில் நிற்கும் நடிகர்களின் எதிரொளிப்பு தெரிகிறது. தொலைவைச் சரியாகக் கணக்கிட்டால், சாதாரண உயரமுள்ள மனிதர் மாதிரிக் கட்டிடத்தின் அடியில் எறும்பளவில் நிற்பதாகத் தோன்றும். இரண்டின் இடங்களையும் மாற்றி, நடிகரை நேரிலும் மாதிரியை எதிரொளிப்பிலும் காட்டுவதும் உண்டு.

இதன் பயன் என்னவெனில், இரண்டு காட்சிகளும் ஒரே நேரத்தில் ஒரே படச்சுருளில் பதிவாகிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் இரு படங்களை ஒட்டவைக்கும் வேலை இல்லை. சரியாக அமைந்ததா என்பதை இயக்குனர் கருவியின் வழியாக அப்போதே பார்த்துவிடலாம். குறையும் உண்டு: அருகிலுள்ள மாதிரியும் தொலைவிலுள்ள நடிகரும் ஒருங்கே துல்லியமாகத் தெரியவேண்டுமாகையால் மிகுதியான வெளிச்சம் தேவைப்படும், கருவியை அசைக்கவும் முடியாது. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1929 இல் பிளாக்மெயில் படத்தில் பிரித்தானிய அருங்காட்சியகக் காட்சிகளுக்கு இம்முறையையே பயன்படுத்தினார். பின்னர் நீலத்திரை போன்ற முறைகள் வந்தபின் இது வழக்கொழிந்தது.

கட்டிடங்களுக்கு இடையே பாலங்களில் ஊர்திகளும் தொடர்வண்டிகளும் செல்லும் காட்சிகள் வேறு வகையில் எடுக்கப்பட்டன. பொம்மை ஊர்திகளைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என எடுத்தனர். திரையில் சில நொடிகளே வரும் காட்சிக்கு நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

இயந்திரப் பெண்ணைச் சுற்றி ஒளிவளையங்கள் ஏறி இறங்கும் புகழ்பெற்ற காட்சி, ஒரே படச்சுருளைக் கருவிக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றிப் பலமுறை ஒளிபடச் செய்து எடுக்கப்பட்டது. முதல்முறை உருவம், அடுத்த முறை கறுப்புப் பின்னணியில் அசையும் ஒளி, பின்னர் அடுத்த அடுக்கு என்று இது தொடர்ந்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்று பிழைத்தாலும் அதற்கு முன் எடுத்த அனைத்தும் வீணாகிவிடும்.

பிரெடர்சன் தம் அறையிலிருந்தபடியே மேற்பார்வையாளருடன் முகம்பார்த்துப் பேசும் ஒரு தொலைக்காட்சித் தொலைபேசியும் படத்தில் வருகிறது. முன்னரே எடுத்த படத்தைத் திரையின் பின்னாலிருந்து வீழ்த்தி இது காட்டப்பட்டது. ஜான் லோகி பெயர்ட் லண்டனில் தம் தொலைக்காட்சியை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டியது 1926 சனவரியில், அதாவது இப்படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த போதுதான்.

வெளியீடும் வெட்டும்

படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே உஃபா கடனில் சிக்கியிருந்தது. 1925 டிசம்பரில் பாரமவுண்ட், மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் ஆகிய அமெரிக்க நிறுவனங்களிடம் 40 இலட்சம் டாலர் கடன் பெற்றது. மூன்று பெயர்களையும் சேர்த்துப் பாருஃபாமெட் என அழைக்கப்பட்ட இவ்வொப்பந்தத்தின்படி உஃபா தன் திரையரங்குகளின் பெரும்பகுதியை அமெரிக்கப் படங்களுக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. பொம்மர் 1926 தொடக்கத்தில், படம் முடியுமுன்பே, நிறுவனத்தை விட்டு விலகினார். ஆகவே "மெட்ரோபோலிஸ் உஃபாவை மூழ்கடித்தது" என்று வழக்கமாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. கப்பல் ஏற்கெனவே ஓட்டையாக இருந்தது. இப்படம் அதன்மேல் ஏற்றிய பெருஞ்சுமை.

1927 சனவரி 10 இல் பெர்லின் உஃபா-பலாஸ்ட் திரையரங்கில் திரையிடப்பட்ட படத்தின் நீளம் 4189 மீட்டர். பேசாப்படங்கள் வெவ்வேறு வேகங்களில் ஓட்டப்பட்டதால் அவற்றின் அளவை நிமிடத்தில் சொல்லாமல் மீட்டரில் சொல்வதே வழக்கம். நொடிக்கு 24 படங்கள் என்ற வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 27 மீட்டர் சுருள் ஓடும். எனவே இது ஏறத்தாழ 153 நிமிடங்களாகும். காட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் அமைத்த இசையை முழு இசைக்குழு அரங்கிலேயே வாசித்தது.

பாரமவுண்ட் அமெரிக்க வெளியீட்டுக்காக சானிங் பொல்லாக் என்னும் நாடகாசிரியரிடம் படத்தை ஒப்படைத்தது. படத்தில் குறியீடுகள் மிகுந்து பார்ப்பவருக்கு எதுவும் விளங்கவில்லை என்பது அவரது கருத்து. அவர் எழுத்து அட்டைகளைப் புதிதாக எழுதி, காட்சிகளை இடம்மாற்றி, சுமார் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் குறைத்தார். ஹெல் என்ற பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் அவள் முழுவதுமாக நீக்கப்பட்டாள். அவள் போனதும் ரோட்வாங் ஏன் ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்தார் என்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று. தொழிலாளர்களுக்கு மாற்றாக அது செய்யப்பட்டது எனப் பொல்லாக்கின் அட்டைகள் புதிய காரணம் கூறின. பிரெடரைப் பின்தொடரும் ஒற்றன், உடை மாற்றிக்கொண்ட ஜார்ஜி மேல்நகரத்தில் மயங்கித் திரியும் பகுதி, யோசபாத்தின் பங்கு ஆகியவையும் பெரும்பாலும் மறைந்தன.

பெர்லினில் முழுப்படம் மே மாதம் வரை ஓடியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இதற்கிடையே 1927 ஏப்ரலில் தேசியவாதப் பத்திரிகை முதலாளியான ஆல்பிரட் ஹுகன்பெர்க் உஃபாவைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். புதிய நிருவாகம் அமெரிக்கப் பதிப்பை ஒட்டி ஜெர்மானியப் பதிப்பையும் வெட்டியது. 1927 ஆகஸ்டில் மீண்டும் வெளியானபோது அதன் நீளம் 3241 மீட்டர். முழுப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஜெர்மானியர்களுக்கும் அதோடு முடிந்தது.

விமரிசனங்கள்

மிகவும் அறியப்பட்ட விமரிசனம் ஆங்கில அறிபுனை எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடையது. 1927 ஏப்ரல் 17 இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரையில், இதைவிட அறிவற்ற படத்தைத் தாம் கண்டதில்லை என்ற பொருளில் அவர் எழுதினார். இயந்திரங்கள் பெருகினால் மனிதனின் முதுகொடியும் வேலை குறையுமேயன்றிக் கூடாது. வானளாவிய கட்டிடங்களின் உச்சியில் செல்வரும் அடியில் ஏழையரும் வாழும் நகரம் பழைய கற்பனை. இயந்திரப் பெண் கரேல் சாபெக்கின் நாடகத்திலிருந்தும் மேரி ஷெல்லியின் பிராங்கென்ஸ்டைனிலிருந்தும் எடுக்கப்பட்டது. தம்முடைய பழைய நாவலொன்றின் சாயலும் உள்ளது என்று அடுக்கினார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரது எழுத்தில் "திங்ஸ் டு கம்" படம் உருவானபோது, லாங் செய்தவற்றுக்கு நேர்மாறாகச் செய்யுமாறு படக்குழுவினருக்கு எழுதினார். அறிவியல் வாதம் என்ற அளவில் வெல்ஸ் கூறியதில் நியாயம் உண்டு. ஆனால் இயந்திரப் பெண் எதற்காக என்ற அவரது ஏளனத்துக்கு விடையாக இருந்த பகுதி ஆங்கிலப் பதிப்பில் வெட்டப்பட்டிருந்தது.

அப்போது திரைப்படம் எடுக்கத் தொடங்கியிராத லூயிஸ் புனுவேல், ஸ்பானிய இதழொன்றில், இது வயிற்றோடு வயிறு ஒட்டிப் பிறந்த இரு படங்கள் என்ற கருத்தில் எழுதினார். கதையாகப் பார்த்தால் வெறும் சொல்லலங்காரம், காட்சியாகப் பார்த்தால் ஈடிணையற்றது என்பது அவரது முடிவு.

வெட்டே அனைத்துக்கும் காரணம் என்று கொள்வதும் தவறாகும். முழுப்படத்தைப் பார்த்த பெர்லின் விமரிசகர்களிலும் பலர் தொழில்நுட்பத்தைப் பாராட்டிக் கதையைக் குறைகூறினர். குறிப்பாக முதலாளியும் தொழிலாளியும் ஒரு கைகுலுக்கலில் சமாதானமாகும் முடிவு, இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் ஒருசேரப் பிடிக்கவில்லை.

அந்த முடிவு பின்னாளில் இன்னும் கடுமையாக ஆராயப்பட்டது. சீக்ஃபிரீட் கிராக்காவர் 1947 இல் வெளியிட்ட நூலில், மரியாவின் "இதயம்" பற்றிய பேச்சுக்கும் மக்களின் இதயத்தை வெல்வது பற்றிய கோயபெல்சின் பேச்சுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அதிகாரம் பிரெடர்சனிடமே இருக்கிறது, தொழிலாளர்கள் கைதட்டிவிட்டுக் கீழே திரும்புவார்கள் என்பதே அவரது வாசிப்பு. நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் லாங் 1933 இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்; ஹார்பூ அங்கேயே தங்கி அவ்வாட்சியின் கீழ் தொடர்ந்து படங்களில் பணியாற்றினார். இருவரும் அதே ஆண்டில் மணமுறிவு பெற்றனர். பிற்காலத்தில் அளித்த பேட்டிகளில், தமக்கு இப்படம் பிடிக்கவில்லை என்றும், சமூகச் சிக்கல் இதயத்தால் தீரும் என்பது வெறும் தேவதைக்கதை என்றும் லாங் ஒப்புக்கொண்டார்.

தாக்கம்

படத்தின் கருத்தை ஏற்காதவர்களும் அதன் தோற்றத்தைக் கடன் வாங்கினர். ஸ்டார் வார்ஸ் படத்தின் சி-3பிஓ எந்திரனின் தொடக்க வரைபடங்கள் இயந்திரப் பெண்ணைப் பின்பற்றியவை. பிளேடு ரன்னர் (1982) படத்தின் நகரமும் இதற்குக் கடன்பட்டது. ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசூகா, படத்தைப் பாராமலேயே, அதன் ஒரு நிழற்படத்தால் தூண்டப்பட்டு 1949 இல் இதே பெயரில் ஒரு சித்திரக்கதை வரைந்தார்.

தேடலும் மீட்பும்

காணாமற்போன பகுதிகளைத் தேடும் பணி மெல்ல நடந்தது. கிழக்கு ஜெர்மானியப் படக்காப்பகம் 1970 களின் தொடக்கத்தில் ஒரு தொகுப்பை உருவாக்கியது. 1984 இல் இசையமைப்பாளர் ஜோர்ஜோ மொரோடர், வண்ணம் சேர்த்து, பாப் இசையுடன், ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பதிப்பொன்றை வெளியிட்டார். ஆய்வாளர்கள் முகஞ்சுளித்தாலும், ஒரு புதிய தலைமுறை இப்படத்தை அறிந்தது அதன் வழியாகத்தான்.

முறையான மீட்புக்கு அடித்தளமிட்டவர் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பட்டாலாஸ். படமே இல்லாதபோது அது எவ்வாறு இருந்தது என்பதை எப்படி அறிவது? இரண்டு ஆவணங்கள் கைகொடுத்தன. ஒன்று தணிக்கை அட்டை: அக்கால ஜெர்மனியில் தணிக்கை அலுவலகம் ஒவ்வொரு படத்தின் எழுத்து அட்டைகள் அனைத்தையும் வரிசையாகப் பதிவு செய்து வைத்தது. மற்றொன்று ஹுப்பர்ட்சின் இசைக்குறிப்பு. இசைக்குழு படத்தோடு ஒத்து வாசிக்க வேண்டுமென்பதற்காக, திரையில் என்ன நடக்கும்போது எந்தச் சுரம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அதில் குறிக்கப்பட்டிருந்தது. காட்சிகள் அழிந்தாலும் அவற்றின் வரிசையும் ஏறத்தாழக் கால அளவும் இசைத்தாளில் பிழைத்திருந்தன. இவற்றைக் கொண்டு 1987 இல் பட்டாலாஸ் ஒரு பதிப்பை முடித்தார். விடுபட்ட இடங்களை நிழற்படங்களாலும் எழுத்தாலும் நிரப்பினார்.

2001 இல் முர்னாவ் அறக்கட்டளை மார்ட்டின் கோர்பரின் தலைமையில் எண்முறையில் சீரமைத்த 124 நிமிடப் பதிப்பை பெர்லின் திரைப்பட விழாவில் வெளியிட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் திரைப்படமானது மெட்ரோபோலிஸ். எஞ்சியவை நிரந்தரமாக அழிந்தன என்றே அப்போது பலரும் முடிவு செய்திருந்தனர். 2005 இல் நியூசிலாந்துப் படக்காப்பகத்திலிருந்த ஒரு படியில், பிறவற்றில் இல்லாத சில துண்டுகள் இருப்பது கண்டறியப்பட்டது.

ஆனால் முழுப்படத்தின் ஒரு படி அர்ஜென்டினாவில் இருந்தது. படம் வெளிவந்த காலத்தில் அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகத்தர் வெட்டப்படாத பதிப்பை வாங்கிப் புவெனஸ் ஐரிஸ் கொண்டுசென்றார். அது பின்னர் ஒரு விமரிசகரின் சேகரிப்புக்குப் போய், அங்கிருந்து அரசு கலை நிதியத்துக்கும், 1992 இல் அந்நகரத் திரைப்பட அருங்காட்சியகத்துக்கும் வந்தது. இதற்கிடையே, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள் என்பதால் அதனை 16 மி.மீ. சுருளில் நகலெடுத்து, மூலத்தை அழித்துவிட்டனர். நகலெடுக்குமுன் சுருள் தூய்மை செய்யப்படவில்லை. அதிலிருந்த கீறல்களும் அழுக்கும் படத்தோடு சேர்ந்து பதிந்தன.

இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் படவரலாற்றாளர் பெர்னாண்டோ மார்ட்டின் பேனாவுக்கு 1980 களிலேயே எழுந்தது. பழைய திரைப்படக் கழகமொன்றில் இப்படத்தை ஓட்டியவர், சுருள் நடுங்காமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று அலுத்துக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டார். வழக்கிலிருந்த பதிப்புகள் எவையும் அவ்வளவு நீளமானவை அல்ல. ஆயினும் சுருள்களைப் பார்க்க அவருக்கு இருபது ஆண்டுகள் இசைவு கிடைக்கவில்லை. 2008 இல் பௌலா பெலிக்ஸ்-டிடியர் அருங்காட்சியகத்தின் இயக்குனரானதும் இருவரும் சேர்ந்து சுருள்களைப் பார்த்தனர். ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் அதில் புதியவை. சூலை 2008 இல் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

சீரமைக்கப்பட்ட படம் 2010 பெப்ரவரி 12 இல் பெர்லினிலும் பிராங்க்பர்ட்டிலும் ஒரே நாளில், ஹுப்பர்ட்சின் இசையோடு திரையிடப்பட்டது. அர்ஜென்டினாவில் கிடைத்த பகுதிகளை எவரும் எளிதில் இனங்காணலாம்: மழை பெய்வதுபோல் கீறல்கள், ஓரங்களில் கறுப்புப் பட்டை. நகலெடுத்தபோது படத்தின் விளிம்பு வெட்டுப்பட்டதால் அந்தப் பட்டை விடப்பட்டுள்ளது. எண்முறைச் சீரமைப்பால் இக்குறையை முழுமையாக நீக்க இயலவில்லை. ஆயினும் இதனால் ஒரு நன்மை உண்டு. 1927 இல் எவை தேவையற்றவை என்று வெட்டப்பட்டன என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே காண்கிறார். ஹெல்லின் சிலைக்கு முன் பிரெடர்சனும் ரோட்வாங்கும் எதிரெதிரே நிற்கும் இடம் அவற்றுள் ஒன்று. அது மீண்டதும் ரோட்வாங் வெறும் பித்தர் என்ற நிலை மாறி, வஞ்சம் தீர்க்கக் காத்திருக்கும் மனிதராகிறார். ஒற்றனும் ஜார்ஜியும் திரும்பியதும் கதையின் நடுப்பகுதி விறுவிறுப்புடைய துப்பறியும் கதையின் நடையைப் பெறுகிறது. இறுதிக் கைகுலுக்கலின் மீதான குற்றச்சாட்டை மட்டும் எந்தப் புதிய காட்சியும் மாற்றவில்லை.

இரண்டு சிறு பகுதிகள் இன்னும் இல்லை. பேராலயத்தில் துறவி ஒருவர் ஆற்றும் உரை ஒன்று. அர்ஜென்டினப் படியில் அப்பகுதி சிதைந்திருந்தது. மற்றொன்று, ரோட்வாங்கின் வீட்டில் பிரெடர்சன் அவருடன் மோதுவதும், அந்த இடைவெளியில் அடைத்துவைக்கப்பட்ட மரியா தப்புவதும் ஆகும். 2010 பதிப்பில் இவ்விடங்களில் நிகழ்ச்சியை விவரிக்கும் எழுத்து அட்டைகள் வருகின்றன.